நைட்டி நைட்டுக்கு என்ன விசேஷம்?

சனிக்கிழமை ராத்திரி என் வீட்டுக்கு ஏழு பெண்கள் வருகிறார்கள், வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று சொன்னதும் எங்கள் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செக்ரட்டரி கேட்டார்: "என்ன விசேஷம்மா?" ஒண்ணும் இல்ல சார், சும்மாதான் என்றேன். "சும்மான்னா? பர்த்டேவா?" இல்லை. "சாமி கும்புடறீங்களா?" இல்லை. மனுஷன் நல்லவர்தான். அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். நான்காவது மாடியில் மாதம் இரண்டு முறை ஆண்கள் கூடுகிறார்கள். பாட்டில் சத்தம் எனக்குக் கேட்கும். அவர்களிடம் யாரும் விசேஷம் கேட்டதில்லை. "ஃப்ரெண்ட்ஸ் வந்திருக்காங்க" என்பது ஆணுக்கு ஒரு முழு வாக்கியம்.

பெண்கள் நம் வீடுகளில் கூடாமலா இருக்கிறார்கள்? கொலு, திருவிளக்கு பூஜை, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, சுமங்கலிப் பிரார்த்தனை என்று கூடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு சாமியோ, புருஷனோ, கர்ப்பப்பையோ உட்கார்ந்திருக்கும். மூன்றும் இல்லாமல் பெண்கள் வெறுமனே உட்கார்ந்தால் அதற்குப் பெயர் வெட்டிப்பேச்சு. இதைத்தான் நான் எதிர்க்கிறேன். பெண்கள் கூடுவதற்கு நிகழ்ச்சி நிரல் கேட்காதீர்கள்.

ஆனாலும் நான் ஒரு தீம் வைத்தேன். நைட்டி நைட். வாட்ஸப்பில் அனுப்பிய விதி ஒன்றுதான்: உங்களிடம் இருப்பதிலேயே பழைய நைட்டியில் வரவும். டூருக்கு வாங்கியது, இஸ்திரி போட்டது செல்லாது.

ஏன் நைட்டி? தமிழ்நாட்டுப் பெண்ணின் யூனிஃபார்ம் அதுதான், அதைப் போட்டுக்கொண்டு யாரும் ஓய்வெடுப்பதில்லை என்பதால். பெயரில்தான் இரவு. காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் எடுப்பது, குழந்தைக்கு டிபன் கட்டுவது, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கேஸ்காரருக்குக் கதவு திறப்பது எல்லாம் அதில்தான். பையன் ஆறாம் வகுப்பு போன பிறகும் முன்பக்கம் ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டியை விடாத ஒரு தோழி எனக்கு உண்டு. கிழிந்தால் அது கரித்துணி, அப்புறம் தரை துடைக்கும் துணி. இவ்வளவு உழைக்கிற உடுப்புக்குக் கிடைக்கும் மரியாதை என்ன? 2018-இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில், தோக்கலப்பள்ளி என்ற கிராமத்தில், பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் விதித்தார்கள். காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு. பகல் முழுக்க வேலை செய்யலாம், அந்த வேலைக்கு வசதியான துணியில் செய்யக் கூடாது!

ஏழு பேர் வருவதாகச் சொன்னார்கள், ஐந்து பேர் வந்தார்கள். ஒருத்தி வந்ததும் வீடியோ காலில் எங்கள் எல்லோரையும் வரிசையாகக் காட்டினாள், ஆள் கணக்கெடுப்பு மாதிரி. இன்னொருத்தி ஒன்பதரைக்குக் கிளம்பிவிட்டாள், மாமனாருக்கு மாத்திரை. தெருமுனைக் கடையிலிருந்து பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவைத்தேன். கிச்சன் லைட்டை அணைத்து, கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டேன். அப்படியும் சாப்பிட்டு முடித்த மறு நிமிடம் இரண்டு பேர் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தார்கள். "உக்காருடி" என்று கத்த வேண்டியிருந்தது. அம்பை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று தலைப்பு வைத்தார். இவர்களுக்குச் சமையலறை கால்களுக்குள்ளேயே இருக்கிறது.

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது சராசரியாக நாளுக்கு 299 நிமிடம். ஆண்களில் வீட்டுவேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 97 நிமிடம்தான். அன்றைக்கு ஐந்து விருந்தாளிகளும் நானும் ஒரே நேரத்தில், சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டோம். வீட்டுக்குள் அப்படிச் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு என்று ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல யாருக்கும் கணக்குத் தெரியவில்லை.

இதைப் பற்றி ஒரு முற்போக்கு நண்பரிடம் சொன்னேன். "இதெல்லாம் மேல்தட்டு விளையாட்டுங்க, வெளிநாட்டு இறக்குமதி" என்றார். அவருக்கு ஔவையார் நோன்பு தெரியாது. தென் மாவட்டங்களில் தை, மாசி, ஆடிச் செவ்வாய்களில் ராத்திரி ஊர் அடங்கிய பிறகு பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆண்வாடையே ஆகாது, சின்னப் பையனைக்கூடச் சேர்க்க மாட்டார்கள். பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்து, கதை சொல்லி, விடிவதற்குள் தின்று தீர்ப்பார்கள். உள்ளே என்ன நடந்தது என்று ஆண்களிடம் சொல்லக் கூடாது என்பதே விதி. இதைவிடக் கறாரான லேடீஸ் நைட்டை எந்த நாட்டிலிருந்து இறக்குமதி செய்வது? பாட்டிகள் ஔவையாரின் பெயரில் ஒரு ராத்திரியைக் கைப்பற்றினார்கள். என் வருத்தம், அந்த நோன்பின் பலனும் கடைசியில் புருஷனுக்கும் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதுதான். உப்பையும் விட்டுக்கொடுத்து, பலனையும் விட்டுக்கொடுப்பானேன்?

மேல்தட்டு என்ற குற்றச்சாட்டிலும் உண்மை குறைவு. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மரத்தடியில் கால் நீட்டிப் பேசினால், "சும்மா உக்காந்து கதை பேசியே சம்பளம் வாங்குறாங்க" என்று சொல்லாத ஊர் உண்டா? டீக்கடை பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரே அதையும் சொல்வார். பெண்ணின் சும்மா எந்தத் தட்டிலும் பொறுக்கப்படுவதில்லை.

இன்ஸ்டாகிராம் வகையறாவோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஒரே நிறச் சாட்டின் பைஜாமா, பலூன் சுவர், பெயர் எழுதிய கப் கேக். அலங்காரத்துக்கு மூன்று நாள் வேலை, படம் எடுக்க இரண்டு மணி நேரம். அது இன்னொரு வளைகாப்பு. கூப்பிட்டவளை வேலை வாங்குகிற தீம் எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

"ஏன், கஃபேல பாத்துக்கலாமே?" என்றும் கேட்டார்கள். பார்க்கலாம். ஆனால் பிரச்சினை வீட்டில் இருக்கிறது. வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் பெண்ணுக்குத் தனி அறை கேட்டார். எனக்கு ஹால் வேண்டும். டிவிக்கு எதிரே இருக்கிற, ஆண்கள் காலை நீட்டுகிற, விருந்தாளி வந்தால் நான் தண்ணீர் சொம்போடு நின்றுவிட்டுப் போகிற அந்த ஹால்.

"விடிய விடியப் பேச அப்படி என்னதான் இருக்கு?" வர முடியாமல் போன ஒருத்தியின் மாமியார் கேட்ட கேள்வி இது. சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டுப் புளியங்கொட்டையில் தாயம் ஆடினோம். ஆம்பளைங்களைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரோ விதி போட்டார்கள், பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. (அகப்பாடல்களில் தலைவியும் தோழியும் பேசுவதெல்லாம் தலைவனைப் பற்றித்தானே, பழக்கம் விடுமா.) பிஎஃப் பணத்தை எப்படி எடுப்பது, வீட்டுக் கடனில் யார் பெயர் முதலில் இருக்கிறது, கறை போக எந்தச் சோப்பு. இரண்டு மணி வாக்கில் ஒருத்தி, காயை நகர்த்திக்கொண்டே, மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்றாள். நாலு மாசமாக இருக்கிறதாம். வீட்டில் சொல்லவில்லை, சொல்ல நேரம் வாய்க்கவில்லை என்றாள். திங்கட்கிழமை எங்களில் இரண்டு பேர் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

இதை எழுதவே எனக்குத் தயக்கம். "பாத்தீங்களா, இதுல ஒரு பிரயோஜனம் இருக்கு" என்று இப்போது ஒத்துக்கொள்ள வருவீர்கள். அந்த ஒப்புதல் வேண்டாம். கட்டி இல்லாமல், கறை போகிற சோப்பைப் பற்றி மட்டுமே விடியும்வரை பேசியிருந்தாலும் அந்த ராத்திரிக்கு எங்களுக்கு உரிமை உண்டு. நான்காவது மாடியில் யாரும் யாருடைய உயிரையும் காப்பாற்றிக் கணக்குக் காட்டவில்லையே.

அடுத்ததை அந்த மாமியார் வீட்டிலேயே வைப்பதாக முடிவு. மருமகள் பயந்துகொண்டே ஒத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவையும் ஒரு பாயில் உட்காரவைத்துத் தாயம் போடச் சொல்லப்போகிறோம். அவரிடம் பழைய நைட்டி ஒன்று இருக்கிறது, கொடியில் பார்த்திருக்கிறேன். நீலத்தில் வெள்ளைப் பூ, அக்குளில் தையல் பிரிந்தது.