தாய்க்கும் ஓர் ஆறாம் வாரம்

மகவு பிறந்த இல்லத்தில் எல்லார் கண்ணும் தொட்டிலின்மேல் நிற்கும். பெற்றவளை நோக்குவார் சிலரே. கருவுற்ற காலத்து நீரிழிவால் வருந்தி, பிள்ளைப்பேற்றோடு அந்நோய் அகன்றதென மகிழ்ந்திருக்கும் தாயரைக் குறித்தே யாம் ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

அந்நோய் பெரும்பாலும் அகன்றுவிடுவது உண்மையே. ஆயினும், அதனை உற்ற மகளிர்க்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு நேரும் வாய்ப்பு, உறாதாரினும் ஏழு மடங்கேனும் மிகுதியென்பதை, பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அகன்றது நோய், அகலாதது அச்சம்.

நம் நாட்டு மருத்துவர் இதனை அறியாதவரல்லர். சென்னை டாக்டர் வீ. சேஷையா அவர்களின் பெருமுயற்சியால், 75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரைப் பருகச்செய்து, இரண்டு மணி நேரங்கழித்துக் குருதியை ஆராயும் எளிய சோதனை பரவிற்று. கருவுற்றார் அனைவர்க்கும் இச்சோதனை செய்தல் வேண்டுமெனத் தமிழ்நாட்டு அரசினர் 2007-ஆம் ஆண்டில் ஆணையிட்டனர். நோய் கண்ட தாய்க்கு, மகப்பேற்றின்பின் ஆறாம் வாரத்தில் மீண்டும் சோதனை செய்க என்பது இந்திய அரசினரின் நெறி. முன்னதைச் செய்துகொள்வோரிற் பலர் பின்னதை மறந்துவிடுகின்றனர்.

காரணம் யாது? காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற திருக்கனூரையே எடுத்துக்கொள்வோம். அது புதுவையின் எல்லையூர். அப்பால் விழுப்புரம் மாவட்டம். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லுதல் நம் வழக்கம். புக்ககம் எல்லைக்கு இப்பாலும் பிறந்தகம் அப்பாலும் இருப்பின், முன்பு நோய் கண்ட செவிலியர் ஒருவர். பின்பு தாயைக் காணும் செவிலியர் மற்றொருவர். நோய்க்குறிப்பு தாயோடு செல்லாவிடின், அவளை நினைவூட்டுவார் யார்?

இதற்கு யாம் கருதும் வழி எளியது. குழந்தைக்கு ஆறாம் வாரத்தில் தடுப்பூசி உண்டு; அதனை எத்தாயும் மறப்பதில்லை. அந்நாளிலேயே தாயை வெறுவயிற்றோடு வரச்சொல்லி, அவளுக்கும் சோதனை முடித்தல் கூடாதோ? குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே தாயின் நோயையும் குறித்துவிடின், அவள் எவ்வூர் சென்றாலும் அக்குறிப்பு உடன் செல்லுமன்றோ?

சோதனை மட்டும் போதாது. பத்தியத்தை மூடவழக்கமென இகழ்வாரோடு யாம் உடன்படோம். பூண்டுக் குழம்பும் முருங்கைக் கீரையும் நல்லனவே. வெல்லமும் நெய்யும் மிகுந்த லேகியமும், தட்டு நிறைந்த சோறுமே அளவுபெற வேண்டுவன. தாய்ப்பாலூட்டல் இருவர்க்கும் நலம். உடல் தேறியபின் நாள்தோறும் நடத்தல் இன்றியமையாதது.

ஆனால் இவற்றைச் சொல்லிவிட்டால் முடிந்ததோ? இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 19 மருத்துவமனைகளில் 1601 தாயரிடம் நிகழ்த்திய ஆராய்ச்சியின் முடிவு 2022-இல் வெளிவந்தது. கூட்டங்கூட்டி அறிவுரை வழங்கப்பெற்றாரும் பெறாதாரும் ஏறக்குறைய ஒரே நிலையினராயினர். இரு சாராரிலும் நால்வருள் ஒருவர்க்குச் சர்க்கரை நிலை சீர்குலைந்தது. இடையிற் புகுந்த கொள்ளைநோய் அம்முயற்சியைத் தடுத்ததும் மெய்யே. அமெரிக்காவிலோ, விடாது உடன்நின்று பழக்கிய முயற்சி, முன்பு இந்நோயுற்ற மகளிர்க்கு நேரும் நீரிழிவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அறிவுரை வேறு, துணை வேறு என்பது இதனாற் புலனாம்.

இரவில் விழித்துப் பாலூட்டுபவளை நோக்கி, ‘நட, அளவோடு உண்’ என்றல் எளிது. அவள் நடக்கும் அரைமணி நேரம் குழந்தையை ஏந்துபவர் யார்? மாமியார் ஏந்துக, கணவர் ஏந்துக, அவள் உண்ணும் உணவையே வீட்டார் அனைவரும் உண்க. கல்லூரியிற் பயிலும் நாமும், நம் தமக்கையர் இல்லம் வருங்கால், குழந்தையைக் கொஞ்சுமுன், ‘அக்கா, ஆறாம் வாரச் சோதனை ஆயிற்றா?’ என்று கேட்போமாக.