இரண்டு ஃபில்ஸ் மின்சாரம்

குவைத்தில் ஆறு கிடையாது. குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்து எடுக்கப்படுவது. ஆகவே அங்கே மின்விளக்கைப் போடுவதைப் போலவே குழாயைத் திறப்பதும் எரிபொருளை எரிப்பதுதான். ஆனால் குடிமக்களின் வீட்டுக்கு யூனிட் மின்சாரம் 2 ஃபில்ஸ் (ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார்). 1966இல் வைத்த விலை! 2017இல் குடியிருப்புகளில் வாடகை அடுக்ககங்களுக்கு மட்டும் 5 ஃபில்ஸ் ஆனது. அங்கே குடியிருப்போர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழர்களும் அவர்களில் உண்டு. விலை உயர்வு, ஒற்றை அறையில் நெருக்கியடித்து வாழ்பவர் மீது விழுந்தது. முற்றத்துக் காரை ரப்பர் குழாயால் கழுவும், ஆளில்லாத அறைக்கும் ஏசி ஓடும் மாளிகை மீது விழவில்லை.

2016 ஜூலையில் மித்ரிபாவில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவான நாட்டில் ஏசி ஆடம்பரமா என்று கேட்பார்கள். இல்லைதான். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதிக்கும் ஊர் அது. அதனால்தான் அவசியமான அளவுக்கு மலிவு விலையும், அதற்கு மேல் ஏறுமுக விலையும் வேண்டும். எண்ணெய் வளம் மக்களின் பங்கு என்பதும் நியாயமே. ஆனால் இந்தப் பங்கு அதிகம் செலவழிப்பவருக்கே அதிகம் போகிறது. இத்தனைக்கும் அந்த எண்ணெய் நாடே 2009 முதல் திரவ இயற்கை எரிவாயுவை இறக்குமதி செய்கிறது. 2024 ஜூனில் சுழற்சி முறை மின்வெட்டையும் கண்டது. அடுத்த கட்டண உயர்வு மாளிகைகளிலிருந்து தொடங்கட்டும்.