காங்கேசன்துறைக்கு எம்.பி. யார்?

ஒவ்வொரு பொதுத் தேர்தல் இரவிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்தப் பெயர் வருகிறது: யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டம், காங்கேசன்துறைத் தேர்தல் தொகுதி. கட்சிகள் பெற்ற வாக்குகள், நிராகரிக்கப்பட்டவை, மொத்தம். பிறகு அடுத்த தொகுதிக்குப் போய்விடுவார்கள். ஆனால் காங்கேசன்துறைக்கென்று ஒரு பாராளுமன்ற உறுப்பினர் 1983 ஒக்டோபருக்குப் பிறகு இருந்ததில்லை.

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு மீண்டும் எழும்போதெல்லாம் தொகுதி முறையும் எல்லை நிர்ணயமும் சேர்ந்தே எழுகின்றன. பழைய முறையா, கலப்பு முறையா என்பதில் கட்சிகள் ஆசனக் கணக்குப் பார்க்கின்றன. பார்க்கட்டும். வலிகாமம் வடக்கில் காணியை இழந்தவர்களுக்கு அதில் வேறொரு கணக்கும் இருக்கிறது. அதற்கு இந்தத் தொகுதியின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1947இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராக செல்வநாயகம் இங்கே வென்றார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் அதே மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன், சேர் பொன். இராமநாதனின் மருமகன், பின்னர் அமைச்சரும் ஆனார். சீமெந்துத் தொழிற்சாலை வந்திருந்த காலம் அது. மலையகத் தமிழரின் பிரஜாவுரிமைக்காகக் கட்சியை உடைத்துக்கொண்டு வந்தவரை, அவர் வளர்ந்து படித்த தெல்லிப்பழையைச் சேர்ந்த தொகுதியே கைவிட்டது. தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இல்தான் செல்வா மீண்டும் வென்றார். காங்கேசன்துறை எப்போதும் ஒரே பக்கம் நின்றது என்ற பேச்சு உண்மையல்ல.

1970இல்கூட அவருக்குக் கிடைத்தது அளிக்கப்பட்ட வாக்குகளில் பாதிக்கும் குறைவுதான். கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் ஒரு பக்கம், அடங்காத் தமிழர் சுந்தரலிங்கம் மறுபக்கம். இந்த இருவர் பெற்ற வாக்குகளுக்கும் பின்னால், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் சூடு இருந்தது என்பதை நம் தேர்தல் வரலாறுகள் பெரும்பாலும் சொல்லாமல் கடந்துபோகின்றன.

1972 மே மாதம் குடியரசு யாப்பு நிறைவேறியது. ஒக்டோபரில் செல்வநாயகம் பதவி விலகி, இந்த யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று என் தொகுதியில் கேட்டுப் பாருங்கள் என அரசுக்குச் சவால் விட்டார். கேட்க அரசுக்கு அவசரமில்லை. இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் கழித்து, 1975 பெப்ரவரி 6இல்தான் இடைத்தேர்தல் நடந்தது. செல்வநாயகம் 25,927, வி. பொன்னம்பலம் 9,457. பெரும்பான்மை 16,470. இந்த வெற்றியைத் தனிநாட்டுக்கான ஆணையாகவே அவர் அறிவித்தார். அடுத்த ஆண்டு வட்டுக்கோட்டைத் தீர்மானம்.

1977 ஏப்ரலில் அவர் மறைந்தார். 1970இல் வட்டுக்கோட்டையில் தோற்றிருந்த அமிர்தலிங்கம் 1977 யூலையில் காங்கேசன்துறையில் வென்று, நாட்டின் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 யூலைக் கலவரத்தைத் தொடர்ந்து ஆறாம் திருத்தம் வந்தது. பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கூட்டணியினர் செய்யவில்லை. ஒக்டோபரில் ஆசனங்கள் பறிபோயின. 1982இன் சர்வசன வாக்கெடுப்பு பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியிருந்ததால் பொதுத் தேர்தலும் இல்லை. அடுத்தது 1989இல், விகிதாசார முறையில். தொகுதி வாக்கு எண்ணும் அலகாகச் சுருங்கியது.

அடுத்த ஆண்டே மக்களும் போனார்கள். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது மயிலிட்டி, பலாலி, தையிட்டி, காங்கேசன்துறை ஊர்கள் வெறிச்சோடின. ஆசனமும் இல்லை, ஊரும் இல்லை. தொகுதிக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. 1994இல் யாழ். மாவட்டத்தில் 10,744 வாக்குகள் பெற்ற சுயேச்சைக் குழுவுக்கு மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9 கிடைத்தன. அந்தப் பாராளுமன்றத்தில் காங்கேசன்துறையை யார் பிரதிநிதித்துவப்படுத்தினார்கள் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

பழைய தொகுதி முறையை நான் புனிதமாக்கவில்லை. 1975இல் பொன்னம்பலத்துக்கு வாக்களித்த ஒன்பதாயிரம் பேருக்கு அந்த முறையில் எந்தப் பிரதிநிதியும் இல்லை. விகிதாசாரத்தில் அவர்களின் வாக்குக்கும் ஒரு மதிப்பு இருந்திருக்கும். ஆனால் மயிலிட்டித் துறைமுகம் திரும்பிவர 2017 யூலைவரை, 27 ஆண்டுகள் காத்திருந்த மீனவர்கள் எந்த உறுப்பினரின் கதவைத் தட்டியிருக்க வேண்டும்? மாவட்டத்தின் எல்லா எம்.பி.க்களும் அவர்களின் எம்.பி.க்கள்தான். அதனாலேயே ஒருவரும் பொறுப்பாளியில்லை. காணி விடுவிப்பு ஒவ்வொரு தேர்தலிலும் எல்லோருடைய வாக்குறுதியாக இருந்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் தொகுதி திரும்பட்டும் என்று சொல்லிவிடலாமா? யாரை எண்ணித் தொகுதி பிரிப்பார்கள் என்பதைப் பொறுத்தது அது.

எண்ணிக்கை என்ன செய்யும் என்பதை ஏற்கெனவே கண்டுவிட்டோம். 2010இல் யாழ். தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பில் 721,359 பெயர்கள், 9 ஆசனங்கள். 2015இல் 529,239 பெயர்கள், 7 ஆசனங்கள். இறந்தவர், கடல் கடந்தவர், வேறு மாவட்டத்தில் பதிந்தவர் என்று பெயர்கள் நீங்கின, சட்டப்படி சரி. 2020க்கும் 2024க்கும் இடையில் வாக்காளர் தொகை 571,848இலிருந்து 593,187ஆகக் கூடியும் ஓர் ஆசனம் குறைந்து 6ஆனது. கம்பஹாவுக்கு ஒன்று கூடியது. மற்ற இடங்கள் நம்மைவிட வேகமாக வளர்கின்றன.

மாவட்டத்துக்கு நடந்தது, எல்லை நிர்ணயத்தில் மாவட்டத்துக்குள்ளும் நடக்கும். சனத்தொகைப்படி கோடு போட்டால், படையினரின் வேலிக்குப் பின்னால் ஆளில்லாமல் கிடக்கும் நிலம் பூச்சியமாகவே எண்ணப்படும். அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் உடுவிலிலும் கோப்பாயிலும் கிளிநொச்சியிலும் வேறு தொகுதிகளின் வாக்காளர்களாக எண்ணப்படுவார்கள். பறித்தவர்களே வெறுமையாக்கிய ஊர், வெறுமையாக இருக்கிறது என்பதற்காகவே தொகுதியாகும் தகுதியை இழக்கலாம்.

2017இல் மாகாண சபைத் தேர்தலுக்குக் கலப்பு முறையைக் கொண்டுவந்து எல்லை நிர்ணய அறிக்கையும் தயாரித்தார்கள். 2018 ஓகஸ்டில் அது பாராளுமன்றத்தில் 139 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அதே ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது.

மீண்டும் ஒரு எல்லை நிர்ணயக் குழு அமர்ந்தால் மக்களிடம் கருத்துக் கேட்கும். அதற்குள் நம் கட்சிகள் ஒரு விடயத்தையாவது எழுத்தில் கோர வேண்டும்: 1990இல் வெளியேற்றப்பட்டு இன்னும் காணி திரும்பக் கிடைக்காத குடும்பங்களை அவர்களின் சொந்தக் கிராம சேவையாளர் பிரிவிலேயே எண்ணுங்கள் என்று. காணி உறுதிகளும் 1990க்கு முந்தைய வாக்காளர் இடாப்புகளும் ஆதாரமாகக் கைவசம் இருக்கின்றன. பட்டியலைத் தயாரிக்கும் வேலையை மீள்குடியேற்றச் சங்கங்களோடு சேர்ந்து இப்போதே தொடங்கலாம்; குழு நியமிக்கப்பட்ட பிறகு தொடங்கினால் நேரம் போதாது.