கழிப்பறையில்லாத கச்சேரிக்கு அனுமதி ஏன்?

2023 செப்டம்பர் 10ந் தேதி கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூர் ஆதித்யராம் பேலஸ் மைதானத்தில் நடைபெற்ற ஏ.ஆர்.ரஹ்மான் இசை நிகழ்ச்சியைத் தாம்பரம் வட்டார மக்கள் அவ்வளவு சுலபத்தில் மறந்திருக்க முடியாது. நிகழ்ச்சிக்குப் பெயரே ‘மறக்குமா நெஞ்சம்’! ஆகஸ்ட் 12ல் மழையினால் தள்ளிவைக்கப்பட்டு, பிறகு நடந்த கச்சேரி அது. மைதானம் கொள்ளாத அளவுக்கு டிக்கெட் விற்றார்கள். பணம் கொடுத்தவர்கள் உள்ளே நுழைய முடியாமல் வீடு திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் சிக்கித் தவித்தார்கள். முதலமைச்சரின் வாகனங்களே சாலையில் மாட்டிக்கொண்டன. தாம்பரம் போலீஸ் கமிஷனரகம் விசாரணை நடத்தியது. ஏற்பாட்டாளர்கள் மீது வழக்குப் பதிவாயிற்று. பணத்தைத் திருப்பித் தருவதாக ரஹ்மான் அறிவித்தார்.

நெரிசலைப் பற்றியும் டிக்கெட் மோசடியைப் பற்றியும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுத வேண்டியதுதான். நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. பகல் மூன்று மணிக்கே வந்து சேர்ந்து இரவு பத்து மணி வரை ஒரு திறந்தவெளியில் அடைபட்டுக் கிடக்கும் பல்லாயிரம் ஜனங்கள், மலஜலம் கழிக்க எங்கே போவார்கள்? ஆண்கள் வேலி ஓரத்தைத் தேடுவார்கள். பெண்கள்? சக்கர நாற்காலியில் வந்தவர்? ஊன்றுகோலோடு வந்தவர்? அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் எந்த அதிகாரியாவது இதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாரா?

‘ஆயிரக்கணக்கில் டிக்கெட் வைக்கும் கச்சேரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? பணக்காரன் கஷ்டத்தைப் பணக்காரன் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று ஆலைத் தொழிலாளி ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த மேடையைக் கட்டியது யார்? நாற்காலிகளைச் சுமந்து போட்டது யார்? இரவு முழுவதும் வாசலில் நின்ற காவலாளி யார்? மறுநாள் விடியற்காலையில் குப்பையைக் கூட்டியது யார்? கச்சேரி கேட்க வந்தவர் ஏழு மணி நேரம் இருந்தாரென்றால், இவர்கள் ஏழு நாள் இருந்தார்கள். அவர்களுக்கும் வயிறு உண்டு.

டிக்கெட் இல்லாத கூட்டங்களும் உண்டு. 2024 அக்டோபர் 6ந் தேதி மெரினாவில் விமானப்படையின் 92வது ஆண்டு விழாவுக்காக விமான சாகசம் காட்டினார்கள். அதே விழாவின் அணிவகுப்பு இரண்டு நாள் கழித்து நமது தாம்பரம் விமானப்படைத் தளத்தில் நடந்தது. இலவசக் காட்சி என்பதால் புறநகர் ரயில்கள் நிரம்பி வழிய, லட்சக்கணக்கான உழைப்பாளி மக்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். கொளுத்தும் வெயில். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒதுங்க இடம் இல்லை என்று வந்தவர்கள் குமுறினார்கள். இந்த இரண்டையும் தனித்தனிக் குறைகளாக எண்ணக்கூடாது. ஒதுங்க இடம் இல்லை என்று தெரிந்த பெண், தண்ணீர் கையில் இருந்தாலும் குடிக்கமாட்டாள். வயற்காட்டில் நடவு நடும் தாய்மார்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தாம்பரம் மெப்ஸ் வளாகத்துக்கு ஷிப்டு போகும் பெண்களுக்கும் தேவையில்லை. தீபாவளிக்கு முதல் நாள் இரவு பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் ஊர் பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் நின்று பழகியவர்களுக்கும் தேவையில்லை.

உடல் குறை உள்ளவர்களின் பாடு இதைவிடக் கொடுமை. முதுகுத்தண்டில் அடிபட்ட பலர் நாலைந்து மணிக்கு ஒரு முறை குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றியாக வேண்டும். தவறினால் நோய்த் தொற்று. நாளடைவில் சிறுநீரகமே கெடும். அவர்களுக்குச் சுத்தமான, கதவு சாத்தக்கூடிய ஓர் இடம் இல்லையென்றால் கச்சேரியும் இல்லை, மாநாடும் இல்லை, திருவிழாவும் இல்லை. 2011ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். இவர்கள் யாரோ அல்ல. பிரஸ் மெஷினில் கையைப் பறிகொடுத்தவர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த கொத்தனார், போலியோவில் கால் சூம்பிய நம் தெருப் பிள்ளை.

வாடகைக்கு வரும் நடமாடும் கழிப்பறைகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் பெட்டி. அடியில் தொட்டி இருப்பதால் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நிற்கிறது. ஏற ஒரு படி. உள்ளே ஓர் ஆள் திரும்பி நிற்கவே இடம் போதாது. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. பெரும்பாலும் மைதானத்தின் கடைக்கோடியில், மணலிலோ சேற்றிலோ, விளக்கில்லாத மூலையில் கொண்டுபோய் வைப்பார்கள். இதில் சக்கர நாற்காலிக்காரர் எப்படி ஏறுவார்? பாடுகிறவருக்கும் நடிக்கிறவருக்கும் குளிர்சாதனக் கேரவன் மேடைக்குப் பின்னாலேயே வந்து நிற்கிறது. அதற்கு மட்டும் பாதை கிடைக்கிறது, மின்சாரம் கிடைக்கிறது!

செய்ய வேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் அல்ல. தரையோடு தரையாக அமைந்த பெட்டி, மூன்றடிக் கதவு, நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டத்துக்கு இடம், சுவரில் இரு பக்கமும் கைப்பிடி, கைக்கு எட்டும் உயரத்தில் குழாய். பெட்டி ஓர் அடி உயரத்தில்தான் இருக்குமென்றால் சரிவுப் பாதை பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது சர்க்காரின் வழிகாட்டு விதியே. நான்கடிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுச் ‘சரிவு போட்டுவிட்டோம்’ என்று காட்டுவது கண்துடைப்பு. நாற்காலி பின்புறமாகக் கவிழும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29வது பிரிவு கலை நிகழ்ச்சிகளிலும் கேளிக்கைகளிலும் சம பங்கு உண்டு என்கிறது. 46வது பிரிவு தனியார் சேவை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் தண்டனையைப் பாருங்கள்: முதல் தடவை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10 ஆயிரம் ரூபாய்! ஒரே இரவில் கோடிகளை வசூலிக்கும் கம்பெனிக்கு இது பார்க்கிங் கட்டணம் மாதிரி. மறுபடி மீறினால்தான் 50 ஆயிரத்திலிருந்து 5 லட்சம் வரை. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005ல் தொடுத்த வழக்கில், விதிகள் வெறும் சிபாரிசாக இருப்பது செல்லாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது 2024 நவம்பர் 8ல்தான். பத்தொன்பது வருஷம் ஒரு மனிதர் கோர்ட் படி ஏறினார்.

டாலர் தேசமான அமெரிக்காவில், ஓரிடத்தில் வைக்கும் நடமாடும் கழிப்பறைகளில் நூற்றுக்கு ஐந்தாவது, குறைந்தது ஒன்றாவது, சக்கர நாற்காலி நுழையக்கூடியதாக இருந்தே தீரவேண்டும் என்பது விதி. அங்குள்ள முதலாளிகள் கருணை கொண்டு கொடுத்ததல்ல இது. 1977ல் சான்பிரான்சிஸ்கோவில் சர்க்கார் அலுவலகத்துக்குள் மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்தே போராடினார்கள். 1990 மார்ச் 12ல் வாஷிங்டனில் நாடாளுமன்றப் படிகளில் நாற்காலிகளை விட்டிறங்கி, கையால் தவழ்ந்து ஏறினார்கள். அந்த வருஷம் ஜூலையில் சட்டம் வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கழிப்பறை வைக்கச் சொல்லிவிட்டு, அதைச் சுத்தம் செய்கிறவரை மறந்துவிட்டால் பாவம் இடம் மாறுமே தவிரத் தீராது. தொட்டியை லாரி வைத்துப் பம்பினால் உறிஞ்சி எடுக்க வேண்டும், மனிதனை இறக்கக்கூடாது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை 2013ம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. கையுறை, பூட்ஸ், இரவு வேலைக்குரிய கூலி, இவை கான்ட்ராக்ட் ஷரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

2025 செப்டம்பர் 27ல் கரூர் பிரச்சாரக் கூட்டத்தில் 41 உயிர்கள் பறிபோன பிறகு, கூட்டங்களுக்கு விதிமுறை வகுப்பது பற்றிக் கோட்டையிலும் கோர்ட்டிலும் பேசப்பட்டது. நெரிசலுக்கு விதி செய்கிறவர்கள் கழிப்பறைக்கும் சேர்த்தே செய்யட்டும். அது கச்சேரிக்கு மட்டுமல்ல, கட்சி மாநாடுகளுக்கும் பொருந்தட்டும், செங்கொடி மாநாட்டுக்கும்தான். முதலாளிக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று நாம் கேட்கவில்லை.

தாம்பரம் மாநகராட்சியையும் போலீஸ் கமிஷனரகத்தையும் நாம் கேட்பது இதுதான்: எத்தனை டிக்கெட், அதற்கு எத்தனை கழிப்பறை, அதில் மாற்றுத்திறனாளிகளுக்கு எத்தனை என்ற கணக்கு விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். இருபதுக்கு ஒன்றாவது சக்கர நாற்காலிக்குரியதாக, அவர்கள் உட்காரும் பகுதிக்குப் பக்கத்தில், கெட்டித் தரையில், விளக்கோடு நிற்க வேண்டும். ஏற்பாட்டாளர் டெபாசிட் கட்ட வேண்டும். குறை கண்டால் அது பறிமுதல். வாசல் திறக்குமுன் ஓர் அதிகாரி, மாற்றுத்திறனாளி ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பெருங்களத்தூர், வண்டலூர், தாம்பரம் வட்டாரத் தொழிற்சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் கிளைகளும் இந்தக் கோரிக்கைகளை எழுதி, மாநகராட்சிக் கமிஷனரிடம் நேரில் மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்கி வைக்க வேண்டும்.