அறிவியற் பகுதி: சுவரைப் பற்றும் கை

அன்பர் ஒருவர், தம் தமையனார் மகளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் கண்டிருப்பதாகவும், "உடலின் காவற்படையே உடலைத் தாக்குகிறது" என்று டாக்டர் கூறியது விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நாம் மருத்துவரல்லோம், ரயில்வேயில் பேரேடு எழுதுபவர். எனினும் படித்தறிந்ததைச் சொல்வோம்.

மூளையிலும் தண்டுவடத்திலுமுள்ள நரம்பிழைகளை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தியுள்ளது. அவ்வுறை ஆங்காங்கே சிதைந்து தழும்பேறின், பார்வை மங்கும்; கால் தள்ளாடும்; கை மரத்துப்போகும். 1868-இல் பாரிஸ் நகர மருத்துவர் ஷார்கோ இதனைத் தனியொரு நோயாக விவரித்தார். உறையைச் சிதைப்பதில் நம் குருதியின் வெள்ளணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் மூளையின் குருதிக் குழாய்ச் சுவர் கட்டுக்காவல் மிக்கது. வெள்ளணு எளிதில் உட்புக இயலாது. ஓடும் வண்டியின் கைப்பிடியைப் பற்றி ஏறுவோரை நாள்தோறும் காண்கிறோம். (எச்சரிக்கைப் பலகை வைத்தும் பயனில்லை!) இங்கோ ஓடுவது அணு, நிற்பது சுவர். அணுவின் மேலுள்ள ஆல்ஃபா-4 இன்டக்ரின் என்னும் புரதமே கை. அழற்சியுற்ற சுவரில் மிகுந்து தோன்றும் மற்றொரு புரதம் கைப்பிடி. பற்றிக்கொண்ட அணு மெல்ல நழுவி உட்புகுந்துவிடுகிறது.

அந்தக் கையை மறைத்துவிட்டால்? 1992-இல் அமெரிக்க ஆய்வாளர் எலிகளிடம் அவ்வாறே செய்து, இதையொத்த நோயைத் தடுத்துக் காட்டினர். அவ்வழியில் பிறந்த நட்டாலிசுமாப் என்னும் ஊசிமருந்துக்கு 2004 நவம்பரில் அமெரிக்க அரசு இசைவளித்தது.

மூன்றே திங்களில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆய்வுகளில் அதனைப் பெற்றவருள் மூவருக்குக் கொடிய மூளைநோய் கண்டது, இருவர் மாண்டனர். ஜே.சி. வைரஸ் என்னும் நுண்கிருமி பலரது உடலில் தீங்கின்றி உறங்கிக் கிடப்பது. காவலர் மூளைக்குள் வாராதொழியவே, அது விழித்துக்கொண்டது. தாக்க வருவோரும் காக்க வருவோரும் ஒரே கையால்தான் சுவரைப் பற்றுகின்றனர் போலும்!

ஆயினும் 2006-இல் நோயாளிகள் பலர் அரசின் ஆலோசனைக் குழு முன் சென்று, ஆபத்தை அறிந்தே மருந்தைத் திரும்பத் தருமாறு வேண்டினர். படித்தபோது நம் நெஞ்சு கனத்தது. அவ்வாண்டு ஜூனில் கடும் கட்டுப்பாடுகளுடன் மருந்து மீண்டது. அக்கிருமி முன்பே உடலில் புகுந்துள்ளதா என்பதைக் குருதிச் சோதனையால் இப்போது பெரும்பாலும் அறியலாம். பி அணுக்களின் மேலுள்ள சிடி20 என்னும் புரதத்தைக் குறிவைக்கும் ஓக்ரலிசுமாப் 2017-இல் வந்தது.

அன்பரின் மகளுக்கு எது ஏற்றதென அவளுடைய டாக்டரே முடிவு செய்தல் வேண்டும். குருதிச் சோதனையைப் பற்றி அவரிடம் தவறாது கேளுங்கள். அவள் நலத்தையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.