மாசி வெயிலும் மாரத்தான் வெறியும்

மாசி பிறந்தாச்சு. ஃபேனை அஞ்சுல வெச்சாலும் பத்தலை. சரியா இந்த நேரத்துலதான் நம்ம ஊர் ஓட்டக்காரர்களுக்கு ஒரு வியாதி வருது. எனக்கும் வந்தது, அனுபவிச்சுட்டேன். அதனால்தான் இந்தப் புலம்பல் :-)

ஜனவரி தொடக்கத்துல சென்னை மாரத்தான் நடக்கும். போன வருஷம் அதுல அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், ஓடி முடிச்சேன். மெடலை ஷோகேஸ்ல மாட்டின கையோட, "அடுத்தது முழுசு, 42.195" என்று சபதம். இணையத்தில் ஒரு 16 வாரத் திட்டம் கிடைத்தது. வெளிநாட்டுத் திட்டம். வாரா வாரம் தூரம் கூடிக்கொண்டே போகும்.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை 18 கிலோமீட்டர். அஸ்தினாபுரத்திலிருந்து கிளம்பும்போதே மணி ஆறரை. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் சுற்றிச் சுற்றி ஓடிக்கிட்டிருக்கேன். பதினாலாவது கிலோமீட்டரில் அந்த வெயிலில் உடம்பு சில்லென்று புல்லரிக்குது, கண் இருட்டுது. அப்படியே உட்கார்ந்துட்டேன். வாக்கிங் வந்த பெரியவர் ஒருத்தர் நிழலுக்கு இழுத்துப் போய்த் தலையில் தண்ணியை ஊத்திட்டுக் கேட்டார்: "வேகாத வெயில்ல யாரைப் புடிக்கத் தம்பி இந்த ஓட்டம்?"

பதில் இல்லை. யோசிச்சுப் பார்த்தா தப்பு என் காலில் இல்லை, காலண்டரில்.

லண்டன், பாஸ்டன் மாரத்தான்கள் ஏப்ரலில் நடக்கும். அங்கே இருக்கிறவன் ஜனவரிக் குளிரில் பயிற்சியை ஆரம்பிக்கிறான். வாரம் ஏற ஏற அவனுக்குப் பருவம் இதமாகுது. நமக்கு நேரெதிர். 2018 லண்டன் மாரத்தான் அன்னிக்கு 24.1 டிகிரி. அதுவரை நடந்ததிலேயே வெப்பமான போட்டி அதுதான். பங்குனி கடைசியில் நமக்கு விடியற்காலையே அந்த அளவுக்கு வந்துடும்! சித்திரை, வைகாசியை இளவேனில் என்று நாமும்தான் பெயர் வெச்சிருக்கோம். அதுக்குள்ளேதான் அக்னி நட்சத்திரமும் வருது.

"கென்யாக்காரன் ஓடலையா?" என்று உடனே ஒருத்தர் வருவார். அவங்க பேர்போன ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கும் இட்டென் ஊர் சுமார் 2400 மீட்டர் உயரத்தில் இருக்கு சார். நம்ம ஊட்டி மாதிரின்னு வெச்சுக்குங்க. குரோம்பேட்டை மாதிரி இல்லை.

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடலோரப் புழுக்கத்தில் அது ஆவியாகாமல் சும்மா வழியுது. இதயம் தசைக்கும் ரத்தம் அனுப்பணும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் அனுப்பணும். அதனால அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு எகிறும். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாளாவது ஆகும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கினால்தான். வீராப்பு இங்கே வேலைக்கு ஆகாது.

மலையேற்றமும் இதே கதைதான். 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீயை மறந்திருக்க மாட்டீங்க. மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காய்ந்த புல், காற்று, மாசி கடைசி. அந்தக் காலத்தில் காட்டுப் பாதையை வனத்துறை மூடினால், "ஜாலியைக் கெடுக்கிறாங்க" என்று நாம முணுமுணுக்கக் கூடாது.

அப்ப என்னதான் பண்றது? என் கட்சி இதுதான். நம்ம ஊருக்கு ஓட்டப் பருவம் ஆவணியில் ஆரம்பிச்சுத் தை வரைக்கும். ஆவணியில் திட்டத்தைத் தொடங்கினால் நீண்ட ஓட்டங்கள் ஐப்பசி, கார்த்திகையில் வரும். மழையில் நனைஞ்சு ஓடலாம், தெருவில் முழங்கால் தண்ணி நிக்கிற நாள் மட்டும் லீவு. மார்கழியில் போட்டிக்கு ரெடி.

மாசிக்கு மேல ஆறு மணிக்குள் ஓட்டத்தை முடிக்கணும். தூரம் பார்க்காம நேரம் பார்த்து, அரை மணி, முக்கால் மணி போதும். முடிச்சதும் உப்புப் போட்ட மோர். மிச்ச நாளில் தண்டால், பஸ்கி. ஓட்டமே வேண்டாம்னு தோணினா பைனாகுலரோட பள்ளிக்கரணை பக்கம் போங்க. வலசை வந்த பறவைகள் பலதும் கோடைக்கு முன்னாடியே கிளம்பிடும். அதுங்களுக்குத் தெரிஞ்ச காலண்டர் எனக்குத் தெரிய ஏரிக்கரையில் விழ வேண்டியிருந்தது.

முழு மாரத்தான் சபதம் அப்படியேதான் இருக்கு. ஆனா ஆவணியில். தங்கமணி அதுக்குள்ள மறந்துடுவேன்னு நம்பிக்கிட்டிருக்காங்க. பார்க்கலாம் :-)