குறையா, வேலைப்பாடா?

சரக்கு வாங்கும் நாளில் சங்கத்து மேசைமீது துணியை விரித்ததும், நம் கை முதலில் தேடுவது வழவழப்பையே. இழை சீராக ஓடினால் முதல் தரம். இல்லையேல் கூலியில் பிடித்தம். இவ்வழக்கம் முற்றும் சரியன்று என்பது நமது கருத்து.

ஒரு சங்கத்தை ஆய்வு செய்தபோது, பருத்திச் சேலையொன்றில் நீளவாட்டில் இடைவெளிகள் தென்படக் கண்டு, இரண்டாம் தரம் எனக் குறித்தோம். நெய்த முதியவர் வாதாடவில்லை. சேலையை வெளிச்சத்தில் பிடித்து, "எட்டுப் பல் கோத்து இரண்டு பல் விட்டிருக்கிறேன், ஐயா, எண்ணிப் பாருங்கள்" என்றார். எண்ணினோம், கரை முதல் கரை வரை கணக்குத் தவறவில்லை. பின்னர் அவரே முந்தானைக்கருகில் ஓரிடத்தைக் காட்டி, "இங்கே பாவிழை அறுந்ததைக் கவனியாமல் விட்டேன். பிடிப்பதானால் இதற்குப் பிடியுங்கள்" என்றார். குறித்ததை அடித்துத் திருத்தினோம், நாணமும் கொண்டோம்.

தவறு நினையாமல் நேர்வது. வேலைப்பாடு நினைத்துச் செய்வது, முறையாகத் திரும்பி வருவது. மனிதர் நடத்தையையும் இவ்வாறே அளந்தால் வீட்டிலும் ஊரிலும் பல சச்சரவுகள் தீரும்.

அச்சில் பல் விடுவது ஒரு வழி. 60-ஆம் எண் ஊடைக்கிடையே 10-ஆம் எண் தடித்த நூலைச் செலுத்தினால், வரப்புப்போல் மேடு எழும். மிகை முறுக்கேற்றிய நூலை ஊடையாக்கினால், தறியின் இழுப்பில் அடங்கியிருந்த முறுக்கு, நனைந்ததும் விடுபட முயல, துணி சுருங்கி நெளியும். தேன்கூட்டு நெசவில் துண்டு குழிகுழியாக அமைந்து நீரை நன்கு உறிஞ்சும். கருங்கண்ணி போன்ற குட்டையிழைப் பருத்தியைக் கையால் நூற்கையில் நேரும் ஏற்றத்தாழ்வும் இத்தகைய துணியில் அழகாகும். ஆதலின் பயிரிடுவோர்க்கும் இதில் பங்குண்டு.

வழவழப்பான துணியை விசைத்தறி மலிவாகத் தருகிறது. அப்போட்டியில் நாம் வெல்வது அரிது. வேண்டியபோது ஊடையை மாற்றவும், பலகை அடியைக் கையால் அளக்கவும் வல்ல கைத்தறிக்குச் சிறு அளவில் பலவகை நெய்வதே வலிமை.

ஆகவே நிர்வாகக் குழுவினர் செய்யத்தக்கவை மூன்று: பாவு கொடுக்குமுன் மாதிரித் துண்டொன்றை நெய்வித்து, முத்திரையிட்டு வைத்தல், அம்மாதிரியோடு ஒப்பிட்டே தரம் பிரித்தல், ஊடை மாற்றும் கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி நிர்ணயித்தல். மாதிரியின்றிக் கூலி பிடிப்பது, சொல்லாத நிபந்தனைக்கு அபராதம் விதிப்பதாகும்.

ஆய்வாளர்களாகிய நாமும், பேனாவை எடுக்குமுன் பல்லை எண்ணக் கற்போமாக.